நடுக் கார்புரேட்டர்

பதினான்காவது படியில் அவள் எப்போதும் நின்றுவிடுவாள். மாடியிலிருந்து இறங்கினால் மொத்தம் இருபத்திரண்டு படிகள். முதல் பதிமூன்றை முழங்கால்கள் முனகிக்கொண்டாவது கடந்துவிடும், அதற்குமேல் அவற்றிடம் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். அன்றும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கக்கத்தில் நீல ஃபைலை இடுக்கிக்கொண்டு நின்றபோது கீழே காரின் பானெட்டை மூடும் சத்தம் கேட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர் வாசல் கதவைச் சாத்துவதுபோல அவ்வளவு மெதுவாக மூடினார், கார் கேட்டவர் அனுப்பிய பரிசோதகர். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஆளும் வாங்கப்போவதில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்று பரிசோதகரின் குரல் மேலே வந்தது. "வண்டி அருமையா இருக்கு. ஆனா நீங்க அனுப்பின ஃபைல் நகல்ல ஒரு நம்பர் போட்டிருக்கு, டேஷ்போர்டு கடிகாரத்துக்குப் பின்னாடி வேற நம்பர் இருக்கு. கடிகாரம் பெரிய விஷயமில்ல. இதுவே மாறியிருந்தா இன்னும் என்னென்ன மாறியிருக்கோன்னு எங்க பார்ட்டி கேப்பாரு. நான் என்ன பதில் சொல்றது?"

"வாஸ்தவம்தான்," என்றார் அவள் கணவர்.

காய்கறிக்காரரிடம் எடை சரியில்லை என்று கால்மணி நேரம் வாதாடக்கூடிய மனிதர். அவர் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக ஒரு 'வாஸ்தவம்தான்' விழுந்து அவள் கேட்டதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை. கீழே இறங்கிப் பிரயோஜனமில்லை என்பதால் திரும்பி மேலே ஏற வேண்டும், பதினான்கு படிகள். அதுதான் அப்போதைய கவலை.

வீடு இரண்டு தளங்கள் கொண்டது. கீழ்த்தளம் நல்ல அகலம், பெரிய ஜன்னல்கள், வழுவழுப்பான சிமென்ட் தரை. அதில் கார்கள் இருந்தன. மேல்தளம் குறுகல், சமையலறைச் சுவரில் மழைக்காலம் முழுக்க ஈரம் படரும். அதில் மனிதர்கள் இருந்தார்கள். கீழே ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே ஒரு இயந்திரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள், அந்த இயந்திரத்தைக் கொஞ்ச நாள் மேலே வைத்தால் என்ன என்று கேட்டாள். "காருக்கு ஈரம் ஆகாது," என்றார். "எனக்கு மட்டும் ஆகுமா?" என்றாள். அவர் உண்மையிலேயே யோசித்துவிட்டு, "நீ துருப்பிடிக்க மாட்டே," என்றார். முப்பத்தைந்து வருடம் கழித்து எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டியபோது அவளுக்கு அந்தப் பதில்தான் ஞாபகம் வந்தது.

ஊரில் அவருக்கு 'இத்தாலிக்காரர்' என்று பெயர். இத்தாலிக்கு அவர் போனதே இல்லை. அந்த நாட்டுப் பழைய கார்களை வாங்கி, ஓரிரு வருடம் வைத்துக்கொண்டு சீராக்கி, ஓட்டிப் பார்த்து, விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குவது அவர் தொழில். எல்லாக் கார்களும் இல்லை. கிராண்ட் டூரிங் என்று சொல்கிற வகை மட்டும். இரண்டு பேர் வசதியாகவும் இன்னும் இரண்டு பேர் வசதியில்லாமலும் உட்கார்ந்துகொண்டு, பின்னால் இரண்டு தோல் பெட்டிகளைப் போட்டுக்கொண்டு, காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு மாலையில் இன்னொரு நாட்டில் இறங்குவதற்காகச் செய்யப்பட்ட கார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்துவிடும். அவற்றில் அவர் போன அதிகபட்ச தூரம், மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனது. அதிலும் திரும்பி வரும்போது மூன்று பேரும் ரயிலில்தான் வந்தார்கள்.

இப்படிப் பதினேழு கார்கள் வந்து போயிருந்தன. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிய வருடத்தில் மூன்று மிச்சம் இருந்தன. இதயம் பலவீனமாக இருப்பதால் முழங்காலில் கத்தி வைக்க முடியாது, வீட்டில் படி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். "இருபத்திரண்டு," என்றாள். "ஏறாதீங்க," என்றார் டாக்டர், ஏதோ அவள் பொழுதுபோக்குக்காக ஏறி இறங்குவதுபோல. வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது கணவர் தானாகவே சொன்னார்: "மூணையும் வித்துடலாம். கீழ நாம வந்துடலாம்." அவளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து முதல் ஆளாகக் கூப்பிட்டார்.

இரண்டு கார்கள் சொன்னபடி போயின. அந்தப் பணம் அவள் இதயத்துக்கும், தகரமாக இருந்த கூரைக்கும் போயிற்று. மூன்றாவது நின்றுவிட்டது. நீண்ட மூக்குள்ள சாம்பல்நீலக் கார், பன்னிரண்டு சிலிண்டர், கதவைத் திறந்தால் பழைய தோலும் பெட்ரோலும் கலந்த வாடை. அது போனால்தான் கீழே குளியலறை கட்ட முடியும், சமையலறைக்குத் தண்ணீர்க்குழாய் இழுக்க முடியும். கட்டில் எங்கே வரும் என்று அவள் ஒருநாள் தரையில் வெள்ளை டேப் ஒட்டி அளவு குறித்தாள். மறுநாள் பார்த்தால் காரின் முன்சக்கரம் தலையணை இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது. "சும்மா கொஞ்சம் முன்ன தள்ளினேன்," என்றார்.

ஃபைல் அவள் வேலை. ஓய்வுபெறும்வரை பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஆவண அறையில் இருந்தவள். பழைய கார் வியாபாரத்தில் பாதி விலை காருக்கு, மீதி விலை அதன் காகிதங்களுக்கு என்பதை அவள் சீக்கிரமே புரிந்துகொண்டாள். தொழிற்சாலையிலிருந்து எந்தத் தேதியில் வெளியே வந்தது, யார் யார் கை மாறியது, எந்தப் பாகத்தில் என்ன எண் பொறித்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் படம், ரசீது, கடிதம். கார் பிறந்தபோது இருந்த பாகங்களே இன்றும் இருக்கின்றன என்று ஃபைல் சொன்னால் அது சத்தியம். பதினேழு கார்களில் ஒருமுறைகூட அவள் ஃபைல் பொய்த்ததில்லை. இப்போது ஒரு வருடத்தில் இரண்டு முறை.

முதலில் வந்த ஆள் ரேடியோவில் பிடித்தார். உள்ளே எண் வேறு. கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, வெளியூர் நண்பர் ஒருவர் சரியான ரேடியோவை அனுப்பிவிட்டார் என்று கொண்டுவந்து மாட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைச் சரிபார்த்தாள். ஃபைலில் உள்ள அதே எண். எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! இப்போது கடிகாரம். அதற்கும் ஒரு நண்பர் கிடைத்தார். பத்தே நாளில் சரியான கடிகாரம் வந்து சேர்ந்தது. அவள் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள், மறுபடி எண் ஒத்துப்போயிற்று, மறுபடி டிக் போட்டாள்.

"அம்மா, கார் போச்சா?" என்று மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பாள், காய்ச்சல் போச்சா என்று கேட்கிற தொனியில்.

"இல்லடி. வியாழக்கிழமை இன்னொருத்தர் அனுப்பறாரு, ஒரு பொம்பளை வந்து பாக்குதாம்."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அப்பா என்ன சொல்வாரு. வரட்டும்ங்கறாரு."

செவ்வாய்க்கிழமை திடீரென்று குளிர் இறங்கியது. கம்பளிகளை வெயிலில் போடலாம் என்று அவள் கட்டிலுக்கடியில் இருந்த தகரப்பெட்டியை இழுத்தாள். வழக்கத்தைவிடக் கனத்தது. மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. முதலில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த வீட்டில் பெட்ரோல் வாடை வராத பொருள் உப்பு மட்டும்தான். இரண்டு கம்பளிகளை எடுத்தாள். மூன்றாவதன் மடிப்புக்குள் பச்சை டவல் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. ஒரு மாதமாக அவள் தேடிக்கொண்டிருந்த டவல். சலவைக்காரரிடம் சண்டைகூடப் போட்டிருந்தாள். அதைப் பிரித்தாள். உள்ளே கைக்குழந்தை கனத்தில், மினுமினுவென்று துடைத்த ஒரு கார்புரேட்டர்.

என்ஜினின் மேல் வரிசையாக மூன்று உட்கார்ந்திருக்கும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புகிறவை. ஒவ்வொன்றிலும் இரண்டு வாய்கள். அடிப்பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அவள் ஃபைலை எடுத்து வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எண் ஒத்துப்போயிற்று. நடுக் கார்புரேட்டர். அப்படியானால் கீழே நடுவில் இருப்பது எது?

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோ, கடிகாரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உலகத்தில் எந்த நண்பரிடம் இவர்கள் காரின் அதே எண் பொறித்த ரேடியோ இருக்கும்? ஆவண அறையில் முப்பது வருடம் போலிப் பத்திரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிடித்தவள். எண் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாளே தவிர, எப்படி ஒத்துப்போகிறது என்று ஒரு நிமிஷம் கேட்கவில்லை. ஒத்துப்போனதே போதும் என்று இருந்துவிட்டாள். சிரிப்புக்கூட வந்தது. பிறகு கோபம் வந்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. கோபப்பட்டால் கீழே போய்க் கத்த வேண்டும், கத்திவிட்டு மேலே வர வேண்டும். நினைத்தாலே அசதியாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டாள். அவள் கூடப்பிறந்த தம்பிதான் அந்தக் கார்களுக்கு மெக்கானிக். பிழைப்புக்கு வேறு பட்டறை உண்டு. இது மாமாவுக்காகச் செய்வது.

"நடு கார்புரேட்டரை யார்டா மாத்தினது?"

மறுமுனையில் ஏதோ இரும்பைக் கீழே வைக்கும் சத்தம்.

"அக்கா, இதுல என்னை இழுக்காதே."

"இழுத்தாச்சு. சொல்லு."

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ரேடியோவுக்கே வேணாம் மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடும்னேன். ஒரே ஒரு மாசம்டா, இந்த ஒரு பார்ட்டி மட்டும்டான்னாரு. கார்புரேட்டரை அவரே கழட்டினாரு. பழசு ஒண்ணு என் பட்டறைல கெடந்துச்சு, நான் குடுத்தேன். அது என் தப்புதான்."

"எதுக்குடா? வாய் திறந்து விக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போகலாமில்ல?"

"உன் முகத்தைப் பாத்து அவரால சொல்ல முடியாதுக்கா. வர்றவங்க வேணாம்னா அவர் மேல பழி இல்ல பாரு." அவன் எதையோ மென்று விழுங்கினான். "இது போனா அடுத்தது வாங்க மாட்டாருன்னு அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியை அவரையே கேளு."

அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் மேலே வந்து, கை கழுவி, தட்டின் முன் உட்கார்ந்து, கழுத்தைத் தடவிக்கொண்டே சாப்பிட்டார். அறுபத்தொன்பது வயது. நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. 'உங்களுக்கு என் கால் முக்கியமா, அந்தத் தகரடப்பா முக்கியமா?' என்று கேட்கலாம். கேட்டால், நீதான் என்பார், உடனே சொல்வார், பொய்யும் இருக்காது. அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருப்பாள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார்.

"வியாழக்கிழமை வர்றவங்க பத்து மணிக்கு வராங்களாம்," என்றாள்.

"ம்?"

"பத்து மணிக்கு."

"வரட்டும், வரட்டும்," என்றார்.

வியாழக்கிழமை அவர் சவரம் செய்துகொண்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, எட்டரைக்கே கீழே போய்விட்டார். அவளும் ஃபைலோடு பின்னாலேயே இறங்கினாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கார் வாங்குபவர்கள் வரும் நாட்களில் அவள் கடைசியாகத்தான் ஃபைலோடு இறங்குவது வழக்கம். "இன்னிக்கு உக்காந்து பாக்கறேன்," என்று ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பரிசோதகர் நாற்பது வயதுப் பெண். அதிகம் பேசாதவள். ஒரு டார்ச், நீண்ட காம்பில் கட்டிய சிறு கண்ணாடி, பெயின்ட்டுக்கடியில் இரும்பு இருக்கிறதா பூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காந்தம். இரண்டு முழங்காலிலும் தடிமனான பட்டை கட்டிக்கொண்டு, காரைச் சுற்றிச் சுற்றி மண்டியிட்டும் எழுந்தும் பார்த்தாள். அந்தப் பெண் எழுகிற லாவகத்தைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் அடிப்பாகம், கதவுகள், ரேடியோ, கடிகாரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஃபைலில் விரல் வைத்து, "சரி," என்றாள். "இந்த மாதிரி ஃபைல் நான் பாத்ததே இல்ல மேடம். யார் பண்ணது?"

"நான்தான்," என்றாள்.

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கோ பார்த்தார்.

பரிசோதகர் பானெட்டைத் தூக்கினாள். காற்று வடிகட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னாள். கணவர் கழற்றினார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு நட்டாக. அந்தப் பெண் கண்ணாடிக் காம்பை எடுத்து முதல் கார்புரேட்டருக்கடியில் நீட்டினாள். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"எங்க போற?" என்றார் கணவர்.

"வந்துடறேன்."

இருபத்திரண்டு படிகள் ஏறினாள். எந்தப் படியிலும் நிற்கவில்லை. தகரப்பெட்டியிலிருந்து பச்சை டவலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு கையும் அதற்கே போயிற்று, கைப்பிடியைப் பிடிக்க வழியில்லை. சுவரில் தோளைச் சாய்த்து, பக்கவாட்டில், ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். விழுந்தால் தன்னோடு ஆறு லட்சம் பெறுமானமுள்ள இரும்பும் போகும் என்று நினைத்தபோது, எதை நினைத்துப் பயப்படுகிறோம் என்று தன்மீதே எரிச்சலாக வந்தது. இத்தனை வருடத்தில் அவளும் இத்தாலிக்காரியாகிவிட்டிருந்தாள்.

கீழே பரிசோதகர் நிமிர்ந்து நின்று ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கணவர் ஏற்கெனவே அந்த வருத்தமான முகத்தைத் தயாராக வைத்திருந்தார். "சார், நடுவுல இருக்கறது..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

அவள் டவலை வேலைமேசையில் வைத்துப் பிரித்தாள்.

"நடுவுல இருக்கவேண்டியது இது," என்றாள். மூச்சு வாங்கியது. "சுத்தம் பண்றதுக்காகக் கழட்டி வச்சிருந்தாரு. தற்காலிகமா ஒண்ணு மாட்டி வச்சாரு. நீங்க வர்ற அவசரத்துல மாத்த மறந்துட்டாரு. வயசாகுது இல்லையா."

கணவர் அவளைப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவரின் முகம் அல்ல அது. யாரோ பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, அதை எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் நிற்பவரின் முகம். பரிசோதகர் அடிப்பக்கத்தைத் திருப்பி, எண்ணைப் படித்து, ஃபைலில் பார்த்து, "சரி," என்றாள். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்திருக்கும்; புரியாததுபோல இருந்துவிடும் நாகரிகமும் அவளுக்கு இருந்தது. "மாட்டி, ட்யூன் பண்ணி, ஓட விட்டுக் காட்டிடுங்க சார். நான் இங்கயே இருக்கேன். சரியா ஓடினா இன்னிக்கே எங்க பார்ட்டிகிட்ட பேசிடறேன். அவர் ரெடியா இருக்காரு."

மாட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு குனிந்தார். வேண்டுமென்றே இழுத்தடிப்பாரோ, ஒரு நட்டைத் தவறவிடுவாரோ என்று அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த விரல்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது போலிருந்தது. வேலை என்று தொட்டுவிட்டால் ஒழுங்காகத்தான் செய்தன. கடைசிக் குழாயையும் மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பன்னிரண்டு சிலிண்டர்களும் உயிர் பெற்றன. அறை முழுக்க அதிர்ந்தது. ஆனால் ஓட்டம் சீராக இல்லை. நொண்டிக்கொண்டே ஓடியது.

இனி ட்யூன் செய்ய வேண்டும். இதற்கென்று கருவிகள் இருந்தாலும் அவர் பழைய முறையைத்தான் நம்புவார். ஒரு முழ ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் பிடித்தால் காற்று உள்ளே போகிற இரைச்சல் கேட்கும். மூன்றிலும் ஆறு வாய்கள். ஆறும் ஒரே சுருதியில் இரையும்வரை திருகைத் திருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் இதை அவரைப்போலச் செய்ய ஆளில்லை என்று தம்பியே சொல்வான்.

அவர் குழாயைக் காதில் வைத்தார். முதல் வாயில் பிடித்தார். இரண்டாவதில் பிடித்தார். மறுபடி முதலாவதுக்கு வந்தார். குழாயை மற்றக் காதுக்கு மாற்றினார். ஸ்குரூடிரைவரை எடுத்தார், திருகின்மேல் வைத்தார், திருகாமல் எடுத்தார். நெற்றியில் வியர்வை. பரிசோதகர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கேட்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

கூப்பிட்டால் திரும்பாதது, 'ம்?' என்று இரண்டாவது முறை சொல்லவைப்பது, டிவியை வைத்துக்கொண்டு வசனம் புரியாமல் சும்மா பார்ப்பது. கணவன்மார்கள் இப்படித்தான், காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். முப்பத்தைந்து வருடம் அது அவருடைய சுபாவமாக இருந்தது. எப்போது நோயாக மாறியது என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. தன் முழங்காலை வீடு முழுக்க அறிவித்துக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் காது செத்துப்போனது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த கார் வாங்க மாட்டார் என்று தம்பி சொன்னதன் அர்த்தம் இதுதான். வாங்கி என்ன செய்வது? இது கைவசம் இருக்கும்வரை அவர் இத்தாலிக்காரர். ஏற்கெனவே சுருதி சேர்த்து வைத்த ஒன்று, விற்காதவரை மறுபடி சுருதிக்காகத் தொட வேண்டாத ஒன்று. அதையும் அவள்தான் இப்போது மேசைமேல் கொண்டுவந்து வைத்துத் தொட வைத்திருக்கிறாள். அவளுக்குப் பாவமாக இருந்தது, அதைவிட, இந்த மனிதர் இதைக்கூடச் சொல்லாமல் ரேடியோவைக் கழற்றிக்கொண்டிருந்தாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

எழுந்து அவர் பக்கத்தில் போனாள். பரிசோதகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்:

"என்கிட்ட குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவளையே பார்த்தார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று அந்தக் கண்கள் கேட்டன. இப்போதுதான் என்று அவள் தலையசைத்தாள்.

"உனக்குத் தெரியாது," என்றார் மெல்ல. என்ஜின் சத்தத்தில் அவர் குரலின் அளவு அவருக்கே தெரியவில்லை போலும், உதடு மட்டும்தான் அசைந்தது.

"முப்பத்தஞ்சு வருஷமா மாடியிலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எப்ப சரியாச்சு, எப்ப சரியாகலன்னு எனக்குத் தெரியாதா? குடுங்க."

குழாயை அவள் கையில் வைத்தார். முனை அவர் காதின் சூட்டோடு இருந்தது. அவள் அதைத் தன் காதில் பொருத்திக்கொண்டு, ஒரு கையைக் காரின் விளிம்பில் ஊன்றிக் குனிந்தாள். முழங்கால் ஒரு முறை வெட்டி இழுத்தது, பொறுத்துக்கொண்டாள். முதல் வாய், ஓயாத மழை. இரண்டாவதும் அதேதான். மூன்றாவது, நடுக் கார்புரேட்டரின் முதல் வாய், சீறியது. அவள் உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினாள். அவர் திருகை ஒரு மயிரிழை திருப்பினார். சீறல் குறைந்தது. இன்னும், என்று கை காட்டினாள். இன்னும் ஒரு மயிரிழை. நாலாவது. ஐந்தாவதில் உறிஞ்சல் போதவில்லை, கையை உயர்த்தினாள். அவர் கண் அவள் கையை விட்டு அகலவில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பரிசோதகர் போனைப் பையில் வைத்துவிட்டு நெருங்கி வந்தாள். "ஓட்டம் மாறுதே," என்றாள். "கிட்டத்தட்ட வந்துடுச்சு போலயே சார்?"

அவருக்கு அது கேட்கவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஆறாவது வாயில் குழாயை வைத்தாள். பிறகு திரும்ப முதலாவதுக்கு வந்தாள், இரண்டாவது, மூன்றாவது. ஆறும் ஒன்றாகிவிட்டிருந்தன. காலுக்கடியில் தரையின் அதிர்வுகூட அடங்கிவிட்டது. ஒரு தலையசைப்புப் போதும். அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவார், அந்தப் பெண் போனை எடுத்துவிடுவாள், நாளைக்கே லாரி வந்துவிடும்.

அவர் ஸ்குரூடிரைவரைத் திருகின்மேல் வைத்தபடி, மூச்சுக்கூட விடாமல், அவள் கைக்காகக் காத்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குழாயை மறுபடியும் நடுக் கார்புரேட்டரின் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.